சோறு வேண்டாம் என்றால் சண்டையா?

1

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதுவோம் என்று பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள், லண்டனில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன குறை, போயும் போயும் சோற்றுக்கு ஒரு சண்டையா என்று கேட்பீர்கள். ஓம், சோற்றுக்குத்தான் சண்டை. அதுவும் இல்லாத சோற்றுக்கு இல்லை, வேண்டாம் என்று சொன்ன சோற்றுக்கு.

என் மச்சான் ராசன் இங்கே சொந்த வீடு வாங்கிப் போன மாதம் குடிபூந்தான். ராசன் என் அப்பாவின் தங்கை பூரணம் மாமியின் மகன். மாமா போன பிறகு மாமியை ஊரில், தம்பலகாமத்தில் தனியே விட மனமில்லாமல் போன வருடம் கூப்பிட்டுத் தன்னோடு வைத்திருக்கிறான். குடிபூரல் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே, பால் காய்ச்சி, பொங்கி, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட வேண்டும். லண்டனில் வாழையிலைக்கு எங்கே போவது? காகிதத் தட்டுத்தான். பரிமாறுகிற வேலையை மாமி யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. குளிருக்குச் சேலைக்கு மேல் மகனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து வந்தார்.

என்னிடம் வந்ததும் நான் தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தேன். "சோறு வேண்டாம் மாமி. கத்தரிக்காய்க் கறியும் கோவா வறையும் கொஞ்சம் கூடப் போடுங்கோ."

மாமி அகப்பையைத் தூக்கியபடியே நின்றார். "ஏன் பிள்ளை, எங்கட வீட்டில நீ கை நனைக்க மாட்டியோ?"

"ஐயோ, அப்பிடி இல்லை மாமி. டொக்டர் சொன்னவர்..."

"கொப்பரும் ஒருக்கா இப்பிடித்தான் டொக்டரைச் சொல்லிக்கொண்டு எங்கட இலையில இருந்து எழும்பினவர்."

கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் பேரை அந்த இடத்தில், அந்த விதமாக மாமி எடுப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

2

எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வருத்தம் இன்னும் வரவில்லை. அதுதான் விஷயமே.

சில மாதங்களாக ஒரே களைப்பு, தண்ணீர் விடாய். எங்கள் பகுதி டொக்டர் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வெறும் வயிற்றோடு போகச் சொன்னார்கள். ஒரு கிளாஸ் இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, உட்கார வைத்து, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். பிறகு கூப்பிட்ட டொக்டர், உங்களுக்கு இன்னும் சலரோகம், அதாவது நீரிழிவு, இல்லை, ஆனால் அதற்குக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்றார். தகப்பனுக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். காலை வெட்டி எடுத்தார்கள், அதற்குப் பிறகு கனகாலம் இருக்கவில்லை என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் மாப்பொருள் சாப்பாட்டை இன்றைக்கே குறையுங்கள், இந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். நல்ல பெண், ஆனால் கையில் ஒரு அச்சடித்த தாள். உருளைக்கிழங்கு இத்தனை, பாண் இத்தனை, கேக் வேண்டாம். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். பிட்டு என்றேன். அது என்ன என்றாள். அரிசிமாவைக் குழைத்து, தேங்காய்ப்பூப் போட்டு, குழலில் வைத்து அவிப்பது என்று கையால் குழல் பிடித்துக் காட்டினேன். "அவித்த புடிங்" என்று எழுதிக்கொண்டாள். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அது இதில் இல்லை, ஆகவே அளவோடு சாப்பிடலாம் என்று சொன்னாள்! தாளில் இல்லாதது வயிற்றுக்குள் போனால் சீனியாக மாறாதா, அம்மா? இந்த நாட்டில் தாளில் இல்லாத எதுவும் உலகத்திலேயே இல்லை. வந்த கோபத்துக்கு அந்தத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நானே யோசித்தேன். சோறு, பிட்டு, இடியப்பம், பாண், கிழங்கு எல்லாவற்றையும் ஒதுக்கினேன். கறியைச் சாப்பாடாக்கினேன். மீன், முட்டை, கோவா வறை, பயற்றங்காய், கீரை. சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தேன். முதல் நாள்கள் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. மீன் குழம்பைச் சோறில்லாமல் சாப்பிட நாக்கு மறுத்தது. பிறகு களைப்புப் போனது, விடாய் போனது. வேலை முடிந்து வந்து உடனே படுக்கிற பழக்கமும் போனது.

ஆனால் வீட்டில் இருக்கிறவரைச் சமாளிக்க வேண்டுமே. என் கணவர் நல்ல மனிதர், ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுக்கிறவர், ஒரு வார்த்தை அதட்டிப் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொரு இரவும், "இஞ்சேரும், சோத்தை விட்டிட்டீர், சரி. ரெண்டு இடியப்பம் சாப்பிடுமன். அது சோறில்லைத்தானே," என்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும். அதே அரிசி, அதே மா! பானையில் வெந்தால் சோறு, உரலில் பிழிந்தால் பலகாரமா? மகள் வாணிக்கு இதெல்லாம் பகிடி. எல்லாருக்கும் 'டயட்' என்று சொன்னால் முடிந்தது, ஏன் இதற்குப் போய் இவ்வளவு விளக்கம் என்று இங்கிலீசில் கேட்பாள். அவள் யாருடைய வீட்டிலும் "நன்றி, வேண்டாம்" என்று சொல்லி எழும்பக்கூடியவள். அவளுக்கு அந்தச் சொற்களால் ஒன்றும் உடைவதில்லை. எங்களுக்கு உடைகிறது.

எப்படி உடைகிறது என்றுதான் இனிச் சொல்லப் போகிறேன்.

3

ஊரில் நாங்கள் இருந்தது துறைமுகத்துக்குக் கிட்ட, ஓர்ஸ் ஹில்லில். வெள்ளைக்காரனின் கடற்படை போன பிறகும் அப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை இருந்தது. எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அப்பா இரவில் அடிக்கடி எழும்பிப் போவதைக் கண்டு அம்மா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தக் காலத்துச் சோதனை இப்போது போல இல்லை. நீல மருந்துக்குள் சிறுநீரைச் சொட்டு விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் நீலமாகவே நின்றால் தப்பித்தீர்கள். அப்பாவுடையது பச்சையாக மாறியது.

அங்கே இருந்த பறங்கி டொக்டர், தனக்குத் தெரிந்த தமிழில், "சோறு குறை, மீன் தின்னு. இப்ப தொடக்கம்தான், பயமில்லை," என்று சொன்னாராம். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். துறைமுகத்தில் வேலை செய்கிறவருக்கு மீனுக்கா பஞ்சம்? நிலாவெளிக் கரைவலையில் கீரிமீன் பட்டால் பஸ்ஸில் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். கிண்ணியாவில் இருந்து எருமைத் தயிர் வரும், அதைச் சீனி போடாமல் கரண்டியால் சாப்பிடுவார். முருங்கையிலை வறையைச் சோறு போலக் குவித்துவைத்துச் சாப்பிடுவார். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. கூப்பன் அரிசி பானை நிறைய வெந்திருக்க, வீட்டுத் தலைவர் இலை தின்கிறார் என்று புறுபுறுப்பார். அந்த மாரி முழுக்க அப்பா அப்படித்தான் இருந்தார். வயிறு வற்றி, முகம் தெளிந்தது. இரவில் எழும்புவது நின்றது. திரும்பச் சோதித்தபோது நீலம் நீலமாகவே இருந்தது. அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து வீடுவரை பாடிக்கொண்டு வந்தவர்.

பிறகு தை வந்தது, புதிர் வந்தது.

புதிர் என்றால், புதுநெல்லை முதன்முதலாகக் குற்றிச் சமைத்து, அந்த வயலில் பங்குள்ளவர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற நாள். தம்பலகாமத்தில் எங்கள் அப்பப்பாவின் வயல் அப்பாவுக்கும் பூரணம் மாமிக்கும் பொது. பிரிக்கவில்லை. மாமியின் கணவர் நல்லதம்பி மாமாதான் விதைத்து வெட்டுவார். அன்றைக்குச் சைவம், மீன் கிடையாது. புதுச்சோறு, பால், சர்க்கரை, வாழைப்பழம், பூசணிக்காய்க் கறி. அப்பா ஒரு வாய் எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டார். பிறகு கறியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "எனக்குக் காணும் பிள்ளை," என்றார் மாமியிடம்.

நல்லதம்பி மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "என்ன மச்சான், ஒரு வாயோட காணுமோ? என்ர கையால விளைஞ்ச நெல் இறங்கேல்லையோ?"

"அப்பிடி இல்லை மச்சான். நீரில சீனி போகுதெண்டு டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னவர்."

"சீனி போனா சீனியை விடுங்கோ! சோத்துக்கும் சீனிக்கும் என்ன சம்மந்தம்? ஆரிட்டக் கதை விடுறியள்? காணியைப் பிரிக்கிற எண்ணமெண்டால் நேர சொல்லுங்கோவன்."

அப்பா விளக்கினார். பச்சை, நீலம் என்றெல்லாம் சொன்னார். யார் கேட்டார்கள்? மாமி அகப்பையைச் சோற்றுக்குள் குத்திவிட்டு, "அண்ணை எங்களை அறுத்துப் போட்டார்," என்று அழத் தொடங்கினார். எங்களைச் சுற்றியிருந்த சனத்துக்கு அது போதும். ஓர்ஸ் ஹில்லுக்கு நாங்கள் திரும்பி வருவதற்குள், துறைமுகத்துக்காரர் வயலை விற்கப் போகிறாராம் என்று கதை வந்து சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு தம்பலகாமத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் மாமி வீட்டோடு என்ன பகை என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். அம்மா அன்றைக்குக் குசினியில் இருந்து கத்தினது இப்போதும் காதில் கிடக்கிறது. "உங்கட சீனிக்காக என்ர பிள்ளையின்ர கலியாணம் நிக்கிறதோ? போங்கோ, போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. சோறு என்ன நஞ்சோ?"

அப்பா போனார். அடுத்த தைக்கு, அதே வீட்டுக்கு. நானும் கூடப் போனேன். அப்பா முன் வரிசையில் இருந்து, மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாலும் சர்க்கரையும் குழைத்துச் சாப்பிட்டார். நல்லதம்பி மாமா தன் இலையை விட்டு எழும்பி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். அக்காவின் கலியாணம் சிறப்பாக நடந்தது, மாமாவும் மாமியும்தான் முன்னுக்கு நின்றார்கள்.

ஒருதரம் வாங்கினால் பிறகு எந்த வீட்டில் மறுப்பது? தம்பலகாமத்தில் சாப்பிட்டவருக்கு எங்கள் வீட்டில் ஏலாதோ என்று சம்மந்தி வீட்டார் கேட்டார்கள். அம்மா கேட்டார். அப்பா பழையபடி சோற்றுக்குத் திரும்பினார். இரவில் மட்டும் பிட்டு, அம்மாவின் கணக்கில் அது பத்தியம். ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையே விட்டார். சில வருடம் கழித்துக் களஞ்சியத்தில் ஒரு பெட்டியின் ஆணி கால் பெருவிரலில் ஏறியது. ஆறவில்லை. விரல் கறுத்து, கால் கறுத்து, கொழும்புக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அக்காவின் கலியாணப் படத்தில் அப்பா இரண்டு காலில் நிற்கிறார். அந்தப் படத்தை நான் இங்கே கொண்டுவரவில்லை.

எனக்கு யாரில் கோபம் என்று கேட்டால் எல்லாரிலும்தான். மாமாவில், மாமியில், செத்துப்போன என் அம்மாவில். அப்பாவிலும்தான். ஏலாது என்று அந்த மனிதருக்குச் சொல்லத் தெரியாமல் போனதே! ஒரு மனிதர் தன் உடம்பைத் தானே சரியாக்கி வைத்திருந்தார். அதைக் கெடுத்தது நோய் இல்லை, அன்பு. அந்த அன்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

4

ராசன் வீட்டுக் கூடத்தில், அகப்பையோடு மாமி நிற்க, இவ்வளவும் எனக்குள் ஒரே நேரத்தில் வந்தது.

"ஓம் மாமி," என்றேன். "அப்பா ஒருக்கா எழும்பினவர். அடுத்த வருசம் வந்து மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர். நீங்கள்தான் போட்டனீங்கள். பிறகு அவருக்குக் காலை எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். நான் சாப்பிட மாட்டன். இண்டைக்கும் மாட்டன், அடுத்த வருசமும் மாட்டன்."

மாமி பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ராசனின் மனைவி சுகந்தி, "நல்ல நாளில இப்பிடியோ கதைக்கிறது மச்சாள்?" என்று கண் கலங்கினாள். என் கணவர் என் கோட்டை எடுத்து வந்து கையில் தந்தார்.

ரயிலில் வரும்போது அவர் சொன்னார். "நாளைக்கு ஃபோன் பண்ணி மாமியிட்ட மன்னிப்புக் கேளும். வயசுபோன மனிசி."

"ஏலாது."

"ஒரு பிடி சோறு. ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாது."

"அந்த ஒரு நாள் எங்க முடியுமெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ."

எதிரே இருந்த வாணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் தாத்தாவுக்குக் காலில்லையா, எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டாள். வீடு வந்து சேரும்வரை அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

5

நான் ஃபோன் பண்ணவில்லை. மாமிதான் பண்ணினார். ஒரு வேலைநாள் பகல், ராசனும் சுகந்தியும் வேலைக்குப் போயிருந்த நேரம். எனக்கு அன்றைக்கு லீவு. குரலைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது.

"பிள்ளை, எனக்குக் காலடி எரியுது," என்றார் மாமி. முதல் பேச்சே அதுதான். "ராவில நித்திரை இல்லை. சில நேரம் செருப்புக் கழண்டு போறதும் தெரியிறதில்லை."

"எவ்வளவு காலமா?"

"ஊரில இருக்கேக்கையே."

"ராசனுக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னா டொக்டரிட்டக் கொண்டு போவான். டொக்டர் சோத்தை விடச் சொல்லுவார். சுகந்தி வேலையால களைச்சு வந்து ஆசையாச் சமைச்சு வைக்கிறாள். நான் வேண்டாமெண்டா, மாமி குறை பிடிக்கிறா எண்டெல்லோ நினைப்பாள்? அவளின்ர வீட்டில இருந்துகொண்டு அவளின்ர சோத்தை எப்பிடி வேண்டாமெண்டுறது?"

நான் நல்ல மனுசியாக இருந்திருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். எனக்கு வந்தது வேறு. "இப்ப தெரியுதோ மாமி?" என்று கேட்டேன்.

ஃபோனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை," என்றார். "மூண்டாந்தரம் வாங்கேக்க அண்ணை என்ர முகத்தைப் பார்க்கேல்லை. விருப்பமில்லாமல் சாப்பிடுறார் எண்டு கண்டனான். கண்டுகொண்டுதான் போட்டனான். அவர் வந்து சாப்பிட்டால் போதுமெண்டு இருந்தது எனக்கு."

இருபது வருடமாக யாராவது ஒருவர் வாய் திறந்து இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். சொன்னபோது சந்தோஷம் வரவில்லை. அழுதேன். அழுதுகொண்டே மாமியைத் திட்டினேன். அவரும் மறுப்பில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்த பிறகு, நாளைக்கே டொக்டரிடம் போக வேண்டும், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டும் போனேன். மாமிக்கு என்னைப் போலக் கிட்ட வந்து நிற்கிற கதை இல்லை, நல்ல முற்றின சலரோகம். டொக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிக்காலில் ஒரு வெடிப்பு, சுற்றிலும் சிவந்திருந்தது. நேரத்துக்கு வந்தீர்கள், இது ஆறும் என்றார். குளிசை எழுதினார். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். எனக்கு அதை மொழிபெயர்க்க ஒரு அகராதியும் தேவைப்படவில்லை.

ராசனுக்கு அன்றிரவே சொன்னேன். அவன் பயந்துபோய், இனிக் கவனமாகப் பார்க்கிறேன் என்றான். சாப்பாட்டு மேசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் கவனமாகப் பார்ப்பது குசினி வாசல்வரைதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலேயே மத்தியானத்துக்கு அங்கே போனேன். என் கணவர் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார், பிறகு வந்தார்.

சுகந்தி மீன் குழம்பு, பருப்பு, லீக்ஸ் வறை, முட்டைப் பொரியல் எல்லாம் வைத்திருந்தாள். நான் மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நானும்தான் இருந்தேன், ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை அங்கே என்ன பேசுவது? சுகந்தி சோற்றுப் பாத்திரத்தோடு முதலில் மாமியிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

மாமி தட்டைப் பார்த்தார். கை மடியிலேயே கிடந்தது. "கொஞ்சமாப் போடு பிள்ளை," என்று சொல்ல வாயெடுத்தார், பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் மாமி.

"ஒரு கரண்டி, மாமி? ராசன் சொன்னவர்தான், ஆனா ஒரு கரண்டிக்கு என்ன? உங்களுக்கெண்டுதான் கூடப் போட்டு வடிச்சனான். நான் சமைச்சது பிடிக்கேல்லையோ?"

மாமியின் கழுத்து குனிந்தது. கை மெல்லத் தட்டை நோக்கிப் போனது. நான் அந்தத் தட்டை என் பக்கம் இழுத்து, மீனையும் வறையையும் நிறையப் போட்டு, மாமியின் முன்னால் வைத்தேன்.

"கோவிக்கிறதெண்டா என்னோட கோவி சுகந்தி," என்றேன். "மாமிக்கு ரெண்டு காலும் வேணும்."